அப்பா கை பட்ட பெட்டி

அன்புள்ள ஜெரால்டு,

போனில் பேசினால் நீ என்னை ஜெயித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். உன் நேரலையில் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லித் திங்கட்கிழமை நீ கூப்பிட்டபோது "முடியாது" என்று சொல்வதற்காகத்தான் போனை எடுத்தேன். வைக்கும்போது, "சரிப்பா, சனிக்கிழமை ரயிலேறி வந்துடுறேன்" என்று சொல்லியிருந்தேன். முடியாது என்று கிளம்பிய ஆள் சரி என்று எப்படிப் போய் இறங்கினேன் என்று எனக்கே விளங்கவில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா, "நல்லா சொன்னீங்க போங்க" என்று சிரித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். இன்று வியாழக்கிழமை. கூரியரில் போட்டால் சனிக்கிழமை காலை சென்னையில் உன் கையில் இருக்கும். ஞாயிறு மாலை நாலு மணிக்கு நீ நேரலையில் உட்காரும் முன் முழுசாகப் படித்துவிடு. வீடியோ மாதிரி தள்ளித் தள்ளிப் பார்க்காதே.

காலையிலிருந்து மூன்று தடவை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். வாசல் கேட் வரை போகிறேன், தண்ணீர் நின்றுபோன வாய்க்காலைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். மின்விசிறியைக் கூட்டுகிறேன், குறைக்கிறேன். "கால்ல சக்கரமா கட்டியிருக்கு? ஒரு இடத்துல உக்காருங்க" என்று உன் அம்மா சத்தம் போட்டுவிட்டாள். உட்கார முடியவில்லை. மேசையில் என் எதிரே உன்னுடைய பெட்டி ஒன்று இருக்கிறது. மேலே கண்ணாடித்தாள் சுற்றி, மூடியில் என் முகத்தை அச்சடித்து ஒட்டி, "அப்பா கை பட்ட பெட்டி" என்று எழுதிய பெட்டி. நீ எனக்குக் கொடுத்தது இல்லை. நம் பக்கத்து ஆள் ஒருவர் காசு கொடுத்து வாங்கி, செவ்வாய்க்கிழமை என்னிடம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. அதை அப்புறம் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் கோபத்தில் மற்றதை எழுதாமல் விட்டுவிடுவேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது உன் பையில் துணி குறைவாகவும் விளக்குகள் அதிகமாகவும் இருந்தன. வட்ட விளக்கு, முக்காலி, சட்டையில் மாட்டும் மைக், வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி. கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளை நீ சேகரிக்கிறாய், அவற்றைப் பற்றி வீடியோ போடுகிறாய், கம்பெனி வேலையை விட்டுவிட்டு அதையே பிழைப்பாக்கிக்கொண்டாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அரைமனசாகத்தான் இருந்தேன். அந்த அட்டைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினால், மூலை மழுங்கியிருக்கிறதா, ஓரம் வெளுத்திருக்கிறதா, படம் நடுவில் நிற்கிறதா, மேலே கீறல் உண்டா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று எண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டி அனுப்புவார்கள் என்று நீ சொன்னாய். கேட்டதும் எனக்குப் பிடித்துப்போனது. தரம் பார்ப்பது எனக்குத் தெரியாத வேலையா? முப்பது வருஷம் அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் அதைத்தானே செய்தேன்? பரணில் ஏறி என் குத்தூசியை எடுத்து வந்து உனக்குக் காட்டினேன். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே குத்தி, நடுவிலிருந்து ஒரு பிடி நெல்லை வெளியே எடுக்கிற குழாய் ஊசி. "அப்பா, சூப்பர்ப்பா! அதையும் கையில வச்சுக்குங்க" என்று நீ குதித்தாய்.

என்னை வெள்ளைச் சட்டை போடச் சொன்னாய். சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் இழுத்தோம். ஒரு நெல்லைப் பல்லில் கடித்துவிட்டு "பதினேழு" என்று சொல்லச் சொன்னாய். நெல்லின் ஈரப்பதம் பதினேழுக்குள் இருந்தால்தான் எடுப்போம், அந்தக் கணக்கு ஊர் உலகத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "புரிய வேண்டாம்ப்பா. நீங்க கடிக்கறதைப் பாத்தாலே நம்பிடுவாங்க" என்றாய். அடுத்து ஓர் அட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்து நான் எண் சொல்ல வேண்டும். உடனே சொல்லிவிட்டேன். நீ கேமராவை நிறுத்தினாய். "சொல்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பேசாம இருங்கப்பா. நெல் செண்டர்ல நிப்பீங்களே, அதே மாதிரி." இரண்டாவது தடவை எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது தடவை உதட்டை மடித்துக்கொண்டு, அட்டையையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, "பத்து" என்றேன். நீ கை தட்டினாய். வாசல் பக்கம் நின்ற உன் அம்மாவும் கை தட்டினாள். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. ஓய்வு பெற்ற பிறகு என் வாயிலிருந்து வரும் ஓர் எண்ணுக்காக யாரும் காத்திருந்ததில்லை. அந்த உற்சாகத்தில்தான் நீ விற்பதற்கென்று அடுக்கி வைத்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ சென்னைக்குப் போன பிறகு அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று அம்மாவைக் கேள். முதலில் என்னைப் பார்க்கத்தான் போட்டேன். பிறகு உன்னைப் பார்த்தேன். அப்புறம் உன்னுடைய மற்ற வீடியோக்கள், உன்னைப் போலவே அட்டை வீடியோ போடுகிற மற்றவர்கள் என்று, மத்தியானம் படுக்காமல் டிவியில் பெரிதாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் எல்லாரும் பாதி வாக்கியத்தில் ஆரம்பிக்கிறீர்கள். "இந்த ஒரு கார்டை மட்டும் நான் வித்திருக்கவே கூடாது, ஏன்னா..." என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். அந்த ஏன்னாவுக்குப் பதில் வருவதற்குள் என் காபி ஆறிவிடுகிறது. பார்க்கிறவனை மச்சான் என்கிறாய், நம்ம குடும்பம் என்கிறாய். குடும்பத்தில் ஒருவன் கொடுக்கும் மூட்டையை யார் குத்திப் பார்ப்பார்கள்? "அவசரப்பட்டு வாங்காதீங்க" என்று வாய் சொல்லும்போது உன் விரல் பெட்டியின் மேல் தாளம் போடுகிறது. கையுறை மாட்டி, இடுக்கியால் எடுத்து, கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதவிசோடு அட்டையைக் கீழே வைக்கிறாய். அதைப் பார்த்தால் அது சாதாரண அட்டை என்று யாருக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை. "என் புள்ள என்னமா பேசுறான் பாரு" என்றுதான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழித்து எனக்குக் கண் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வலது கண்ணில் புரை முற்றி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்று தஞ்சாவூரில் டாக்டர் சொன்னார். அப்படியென்றால் கிறிஸ்துமஸ் சமயத்தில் நீ கொடுத்த பூதக்கண்ணாடி வழியாக அந்தக் கண்ணால் நான் பார்த்தது வெறும் வண்ணப் புகை. மூலையும் தெரியவில்லை, ஓரமும் தெரியவில்லை. "இது பத்துப்பா" என்று நீ முன்னாலேயே சொல்லியிருந்தாய், நான் அதைத் திருப்பிச் சொன்னேன். தெரிகிறதா என்று நீ கேட்டிருந்தாலும் தெரிகிறது என்றுதான் சொல்லியிருப்பேன், அந்த வீம்பு எனக்கு உண்டு. கட்டு அவிழ்த்த பத்தாம் நாள் அதே வீடியோவை மறுபடி போட்டேன். முதலில் கண்ணில் பட்டது உன் முழங்கைக்குப் பின்னால் தரையில் கிடந்த குவியல். உள்ளே அட்டை வைத்து விற்கிற உறைகள், பிரித்துப்போட்டவை. வீடியோவில் நீ பிரித்தது நாலு உறை, நாலிலும் அருமையான அட்டை. தரையில் கிடந்ததோ ஒரு சாக்கு நிறைய இருக்கும். தூற்றி முடித்த நெல்லை மட்டும் காட்டுகிறாயே, பதரை எங்கேடா கொட்டினாய் என்று டிவியைப் பார்த்துக் கேட்டேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது, என் கட்டைவிரல். அட்டையைக் கையில் கொடுத்தபோது, "இப்படிப் பிடிங்கப்பா" என்று நீயே என் விரலைக் கீழ் மூலைக்கு நகர்த்தி வைத்தாய். கேமராவுக்கு அழகாக இருக்கும் என்று நினைத்தேன். "பத்து" என்று சொன்ன கையோடு என் விரல் லேசாக வழுக்குகிறது. கண் சிமிட்டுகிற நேரம்தான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்த மூலை மழுங்கி, வெளுத்து, நார் தெரிகிறது. அதை நீ முன்பே பார்த்திருந்தாயா என்று உன்னிடம் கேட்கத்தான் அன்று போன் பண்ணினேன். நீ எடுத்ததும், "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இப்போதும் அந்தக் கேள்வி எனக்குள் குடைந்துகொண்டுதான் இருக்கிறது. பார்த்திருப்பாய் என்றுதான் பயப்படுகிறேன்.

வீடியோ மூலையில் "இன்னும் 12 பெட்டிகள் மட்டுமே" என்று ஓர் எண் மின்னுகிறது. மூன்று வாரம் கழித்து நீ போட்ட வேறொரு வீடியோவிலும் அதே பன்னிரண்டு. வேளாங்கண்ணியில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. கடற்கரைக்குப் போகிற வழியில் ஒருவர், "கடைசி சங்கு சார், இது போச்சுன்னா அடுத்த திருவிழாவுக்குத்தான்" என்றார். நீ மணலில் உட்கார்ந்து அழுது வாங்க வைத்தாய். கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பி வந்தால் அவர் கையில் இன்னொரு கடைசி சங்கு. உனக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. நாகப்பட்டினம் தாண்டும் வரை பஸ்ஸில், "கடைசி சங்கு சார், கடைசி சங்கு" என்று கத்திக்கொண்டே வந்தாய், பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தப் பிள்ளைதான் இந்தப் பன்னிரண்டைப் போட்டிருக்கிறான் என்று எனக்கு நம்ப வரவில்லை.

உன் வித்தைகளிலேயே என்னை அதிகம் அசைத்தது, நீ ஏமாந்த கதையைச் சொல்வது. "நானே ஒரு தடவை நல்லா ஏமாந்திருக்கேன் மச்சான், அதான் உங்களுக்குச் சொல்றேன்" என்று குரலை இறக்குகிறாய். கேட்கிறவனுக்கு மனசு இளகிவிடுகிறது. இளகிய அதே நிமிஷத்தில் பெட்டியைக் கையில் எடுக்கிறாய். இதை எழுதியதும் எனக்குத் திக்கென்றது. நானும் இப்போது ஒரு தப்பை உன்னிடம் ஒத்துக்கொள்ளப் போகிறேன். அதுவும் உன்னை இளக வைக்கிற வேலைதானே? எழுந்து போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கேட் வரை நடந்துவிட்டு வந்தேன். எப்படி எழுதினாலும் அப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது. நீ சந்தேகத்தோடே படி, எனக்குச் சம்மதம்.

கோவிந்தராசு என்ற பெயர் உனக்கு ஞாபகம் இருக்காது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் குத்தகைக்கு இரண்டு ஏக்கர் வைத்திருந்தவர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசியில், குறுவை நெல்லை நிலையத்து வாசலில் குவித்துவிட்டு நாலு நாளாகக் காத்துக் கிடந்தார். அன்று காலை நான் டீ குடித்துவிட்டுத் தாமதமாக வந்தேன். எல்லார் முன்னாலும், "ஆடி அசைஞ்சு வர்றீங்களே சார், வானம் உங்களுக்காகக் காத்திருக்குமா?" என்று கேட்டுவிட்டார். கேட்டதில் தப்பே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. மத்தியானம் அவர் முறை வந்தது. நெல்லை எடுத்து ஈரப்பதம் பார்க்கிற கருவியில் போட்டேன். பதினாறரை காட்டியது. எடுக்கலாம். ஆனால் நான் அந்த எண்ணைச் சொல்லவில்லை. கருவியின் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, உதட்டை மடித்துக்கொண்டு நின்றேன். காசுக்காக நின்றேன் என்று நினைக்காதே, அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. காலையில் கத்தின வாய் இப்போது கெஞ்சட்டும் என்று நின்றேன். கெஞ்சியது. "கொஞ்சம் பச்சையா இருக்குதுங்களா சார்? வேணும்னா இன்னும் ஒரு நாள் காயப்போட்டுடட்டுமா?" என்று அவராகவே இறங்கி வந்தார். "பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. தார்ப்பாய் காற்றில் பிய்ந்துபோனது. நாலாம் நாள் பார்த்தால் குவியல் முழுக்க வெள்ளை வெள்ளையாக முளை.

இன்னும் மோசமானது ஒன்று இருக்கிறது. மழை பிடித்த மறுநாள் காலை, வெளியே ஊற்றிக்கொண்டிருக்க, இட்லி சாப்பிட்டபடி இதை உங்கள் இரண்டு பேரிடமும் பெருமையாகச் சொன்னேன். "ஒரு வார்த்தை பேசல. ஆளு தானா இறங்கி வந்துட்டான்ல" என்றேன். நீ அப்போது பத்தாம் வகுப்பு. "எப்படிப்பா நின்னீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேட்டாய். எழுந்து நின்று செய்து காட்டினேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நெல் முளைத்துப்போனதை மட்டும் நான் வீட்டில் சொல்லவே இல்லை. உன் எல்லா வீடியோவிலும் எண் சொல்வதற்கு முன்னால் நீ உதட்டை மடித்துக்கொண்டு நிற்கிறாய் பார், அதை நீ எந்த இணையத்திலும் கற்கவில்லை. அது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் கொடுத்தது.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பகல் பதினோரு மணி இருக்கும். மஞ்சள் பையும் கையுமாக ஒருவர் வாசலில் நின்றார். முப்பது வயது இருக்கும், கைலியில் எண்ணெய்க் கறை. "சார், நான் கோவிந்தராசு மவன் செந்திலுங்க. அறுப்பு மிஷின் ஓட்டுறேன்" என்றார். உள்ளே வரச் சொன்னேன். பையிலிருந்து இந்தப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். வீட்டில் இன்னும் இரண்டு இருப்பதாகச் சொன்னார். சம்பா அறுப்பில் இரண்டு மாதம் மிஷின் ஓட்டிய சம்பளத்தைப் போட்டு வாங்கியிருக்கிறார். சொந்தமாக மிஷின் வாங்குவதற்கு முன்பணம் சேர்க்கிறாராம், பாங்கில் போட்டால் எப்போது ஏறும் என்று யோசித்தாராம். "தம்பி வீடியோவுல, பிரிக்காம வச்சிருந்தா வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகும்னு சொன்னாப்ல. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் புரியலிங்க. உங்களப் பாத்ததும்தான் சரின்னு வாங்கினேன். பிரிச்சா மதிப்பு போயிடுமாம், அதான் பிரிக்காமலே கொண்டாந்தேன். நீங்க பாத்துச் சொல்லுங்க சார், நல்ல பொட்டிதானே?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேசாமல் நின்றேன். வேண்டுமென்று நிற்கவில்லை ஜெரால்டு, வாய் வரவில்லை. உன்னைக் காட்டிக்கொடுப்பதா, என்னைக் காட்டிக்கொடுப்பதா என்று தெரியாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். உதடும் அதுவாகவே மடிந்திருக்கும். செந்தில் என் முகத்தைப் பார்த்தார். மெதுவாகச் சட்டைப் பையில் கையை விட்டார். "ஏதாச்சும் பாத்துச் செய்யணும்னா சொல்லுங்க சார், செஞ்சிடலாம். சார் பேசாம நின்னா நாமதான் இறங்கிப் பேசணும்னு எங்கப்பா சொல்லுவாரு." அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தேன். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்ப்பா. வச்சிட்டுப் போ, பாக்குறேன்" என்றேன். அப்போதும் அவ்வளவுதான் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். காபியோடு வந்த உன் அம்மா டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். அதன் பிறகு சர்ச் அன்பியக் கூட்டத்துக்கு வருகிற பெண்களிடம் அவள் உன் வீடியோவைக் காட்டவில்லை.

செந்திலின் பெட்டியை நான் தொடவில்லை, அது அவர் சொத்து. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே நீ எனக்கென்று வைத்துவிட்டுப் போன பெட்டி இருந்தது, அதை நேற்று பிரித்தேன். ஆத்திரத்தில் குத்தூசியால்தான் கண்ணாடித்தாளைக் கிழித்தேன், சிரித்துக்கொள். உள்ளே இருந்த அட்டைகளை மேசை முழுக்கப் பரப்பினேன். எனக்கு எது விலை போகும், எது போகாது என்று தெரியாது. அதனால் உன் வீடியோக்களையே போட்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். நீ "அடுத்து" என்று சொல்லிக்கொண்டே, பெயரைக்கூடச் சொல்லாமல் இடது பக்கம் தள்ளிவிடுகிறாயே, அந்த அட்டைகள். மத்தியானம் வரை தேடினேன். வலது பக்கம் நீ வைக்கிற அட்டை ஒன்றுகூட இல்லை. பெற்ற அப்பனுக்கு மட்டும் பதர்ப் பெட்டியைத் தேடி எடுத்து வைத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

ஒரு மூட்டையைக் குத்தி மொத்தக் குவியலையும் தள்ளக் கூடாது, அது எனக்குத் தெரியும். மேல் மூட்டையில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று எடுக்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் வருவதென்றால் இப்படித்தான் வருவேன். நீ விற்கப்போகிற பெட்டிகளை என் எதிரே அடுக்கு. நான் கை காட்டுகிற பெட்டியை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரி. வருகிற அட்டை நல்லதென்றால் நல்லதென்று சொல்வேன், நீ சந்தோஷப்படலாம். பதரென்றால் பதரென்று சொல்வேன். கிறிஸ்துமஸுக்கு நான் பத்து என்று சொன்ன அட்டையின் மூலை மழுங்கியிருந்தது, எனக்கு அப்போது கண் தெரியவில்லை என்பதையும் என் வாயாலேயே சொல்வேன். இது உனக்குச் சம்மதம் இல்லை என்றால் நான் ரயில் ஏறவில்லை. ஆனால் என் முகம் போட்ட வீடியோவையும் ஸ்டிக்கரையும் எடுத்துவிட வேண்டும். ஏற்கனவே வாங்கினவர்களுக்கு என்ன செய்யப்போகிறாய் என்பதையும் நீயே யோசி. செந்தில் மாதிரி இன்னும் எத்தனை பேர் என் முகத்தைப் பார்த்து வாங்கினார்களோ, அதை நினைத்தால் உட்கார்ந்த இடம் சுடுகிறது.

உனக்குத் திறமை இல்லை என்றோ நீ கெட்டவன் என்றோ நான் எழுதவில்லை. நீ பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அந்த அட்டைகள் மேல் உனக்கு உண்மையாகவே ஆசை உண்டு என்பதும் தெரியும். எட்டாம் வகுப்பில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருந்தாய், யாரையும் தொட விடமாட்டாய். அந்த ஆசையைப் பற்றி மட்டும் நீ பேசிய பழைய வீடியோ ஒன்று இருக்கிறது, கையுறை இல்லாமல், மூலையில் எண் மின்னாமல். அதை நாலே தடவைதான் பார்த்திருக்கிறார்கள், அதில் மூன்று தடவை நான். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு மடிக்கலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. உன்னைப் பேசச் சொல்லிவிட்டு நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருப்பதா? சட்டையை மாட்டிக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "எங்க?" என்றாள் அம்மா. சொன்னேன். "நானும் வர்றேன்" என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். பாலம் தாண்டி கோவிந்தராசு வீட்டுக்குப் போனோம். மனிதர் ரொம்ப இளைத்திருக்கிறார். வாசலில் உட்கார்ந்து உளுந்துக்கு விரிக்கிற தார்ப்பாயில் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க சார், வாங்கம்மா" என்று நாற்காலி எடுக்க உள்ளே திரும்பினார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது, நின்றபடியே சொன்னேன். "அந்த ஐப்பசி மழையில உங்க நெல்லு பதினாறரைங்க. எடுத்திருக்கலாம். நான்தான் சொல்லல."

அவர் ஊசியைத் தார்ப்பாயில் குத்தி வைத்தார். "தெரியும் சார்" என்றார். "நானும் பல்லுல கடிச்சுப் பாத்துட்டுத்தானே குவிச்சேன். நீங்க சொல்லுவீங்கன்னுதான் நின்னேன்." அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. செந்தில் உள்ளேயிருந்து வந்து என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். கோவிந்தராசுதான் கேட்டார், "பய பொட்டி எப்படிங்க சார்? அதையாச்சும் சொல்லிட்டுப் போங்க." இந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கவில்லை, இதே மாதிரி என்னிடம் இருந்ததைப் பிரித்தேன், எல்லாம் பதர் என்று சொன்னேன். என் பையன்தான் விற்றான், நான்தான் கண் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்றும் சொன்னேன். செந்தில் வீட்டுக்குள் போய்விட்டார். உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி எங்களுக்கு எதற்கு என்று பெட்டியைத் திரும்ப எங்கள் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள், அது இப்போது மறுபடி என் எதிரே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை செந்தில் உன் நேரலையைப் பார்ப்பாராம். அவருடைய அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாராம்.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ரயில். அதற்குள் கூப்பிடு. திட்டுவதென்றால் திட்டு, அந்த மூலையை நீ பார்த்திருந்தாய் என்றால் அதையும் சொல், வராதே என்றால் வராதே என்று சொல். நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். பேசாமல் மட்டும் நின்றுவிடாதே ஜெரால்டு.

உன் அப்பா